நுரையீரல் புற்றுநோய் அரிதான இடங்களுக்குப் பரவும்போது: ஸ்கேன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையீரல் புற்றுநோய் உறுதியானதும் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் எழும் அடுத்த கேள்வி, அது வேறெங்காவது பரவியிருக்கிறதா என்பதுதான். வழக்கமாகப் பரவும் இடங்களைப் பற்றி மருத்துவரே சொல்லிவிடுவார். விரல் நுனி, சிறுகுடல், முதுகுத் தசை, கண் என்று யாரும் எதிர்பாராத இடத்தில் ஏதோ தெரிகிறது என்று அறிக்கை வரும்போதும், அங்கே வலி இருந்தும் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லாதபோதும்தான் குழப்பம் தொடங்குகிறது. அதையொட்டிக் கேட்கப்படும் கேள்விகள் இங்கே பதிலுடன் தரப்பட்டுள்ளன.

எந்தப் பரவலை அரிதானது என்கிறார்கள்?

நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி, மற்றொரு பக்க நுரையீரல், நுரையீரல் உறை, நிணநீர்க் கணுக்கள் ஆகிய இடங்களுக்குப் பரவுகிறது. பரிசோதனைகளும் இவற்றைக் கருத்தில் கொண்டே வகுக்கப்பட்டிருக்கின்றன. தோல், எலும்புத் தசை, சிறுகுடல், கணையம், சிறுநீரகம், மண்ணீரல், தைராய்டு, இதயத் தசை, கண்ணின் உட்படலம், ஈறு, கை கால் விரல்கள் ஆகியவை அரிதான இடங்கள். இவற்றில் சிலவற்றை வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே பார்த்த புற்றுநோய் மருத்துவர்களும் உண்டு. ஆனாலும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுவதால், விகிதத்தில் மிகக் குறைவாக இருப்பதும் எண்ணிக்கையில் கணிசமாகிவிடுகிறது.

நெஞ்சுக்குள் இருக்கும் கட்டி விரல் நுனிவரை எப்படிப் போகிறது?

இந்த விஷயத்தில் நுரையீரலின் இருப்பிடமே ஒரு காரணம். வயிற்றிலோ மார்பகத்திலோ தோன்றிய கட்டியிலிருந்து உதிரும் செல்கள் ரத்தத்தில் கலந்தால், அவை பொதுவாகக் கல்லீரலிலோ நுரையீரலிலோ உள்ள மெல்லிய நாளங்களைக் கடந்த பிறகே உடலின் மற்றப் பகுதிகளை அடைய முடியும். அந்த நாளங்கள் வடிகட்டி போலச் செயல்படுகின்றன. நுரையீரல் கட்டி நுரையீரல் சிரைக்குள் புகுந்துவிட்டால் அதற்கு அந்தத் தடை இல்லை. அதன் செல்கள் நேராக இதயத்தின் இடப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து தமனிகள் வழியாக உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கு வேண்டுமானாலும் போகக்கூடும். கை விரல்களுக்குப் பரவும் புற்றுநோய்களில் நுரையீரலில் தொடங்கியவையே முதலிடம் வகிப்பதற்கு இது ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது.

போய்ச் சேர்ந்த செல்கள் எல்லாம் வளர்ந்துவிடுவதில்லை. ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1889இல் இதை விதைக்கும் மண்ணுக்கும் ஒப்பிட்டார்: விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். தசை இதற்கு நல்ல உதாரணம். உடல் எடையில் பெரும்பங்கு தசைதான். ரத்த ஓட்டமும் அதில் தாராளம். அப்படியிருந்தும் அங்கே பரவல் அரிது. தசையின் ஓயாத அசைவும் அங்கு சேரும் லாக்டிக் அமிலமும் புற்றுச் செல்களுக்கு ஒத்துவருவதில்லை என்று கருதப்படுகிறது.

பெட்-சிடி எடுத்துவிட்டோம். உடல் முழுவதும் பார்த்தாகிவிட்டது என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. பெட்-சிடி என்பது கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் செலுத்தி, அது சேரும் இடங்களைப் படமாக்கும் ஸ்கேன். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டுமே படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்கலாம். 'முழு உடல் பெட்-சிடி' என்று ரசீதில் அச்சிட்டிருந்தாலும், வழக்கமான நடைமுறையில் மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து தொடையின் நடுப்பகுதி வரைதான் படம் எடுக்கிறார்கள். முழங்கால், கணுக்கால், பாதம் ஆகியவை அந்த எல்லைக்குள் வருவதில்லை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பதால் முன்கையும் விரல்களும் பல நேரங்களில் படத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இதைத் தவறு என்று சொல்ல முடியாது. நுரையீரல் புற்றுநோய் பரவக்கூடிய இடங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டி எடுத்தால் நேரமும் சிறிதளவு கதிர்வீச்சும் கூடும். ஆனால் நோயாளிக்குக் கெண்டைக்காலில் ஒரு கட்டியோ விரலில் ஆறாத வீக்கமோ இருந்தால், ஊசி போடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அப்போது உச்சி முதல் பாதம் வரை எடுக்கவும், கைகளைப் பக்கவாட்டில் வைத்து எடுக்கவும் ஸ்கேன் மையத்தினரால் முடியும். படம் எடுக்காத பகுதியைப் பற்றி அறிக்கை எதுவும் சொல்வதில்லை. அந்த மௌனத்தை 'அங்கே ஒன்றுமில்லை' என்று வாசிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதி வரை எடுக்கப்பட்டது என்பது அறிக்கையின் தொடக்கத்தில், செய்முறை என்ற தலைப்பின் கீழ் ஒரே வரியில் இருக்கும். முடிவுரைக்குத் தாவுவதற்கு முன் அந்த வரியைப் படிப்பது நல்லது.

தலை முதல் பாதம் வரை ஒரே நேரத்தில் படமெடுக்கும் 194 சென்டிமீட்டர் நீளக் கருவி, அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகக் குழுவின் முயற்சியில் உருவாகி, 2018இல் முதல் மனிதப் படங்களைத் தந்தது. அத்தகைய கருவிகள் இன்னும் உலகில் சில இடங்களில்தான் உள்ளன.

விரல் நுனி வீக்கம் நகச்சுற்றா, பரவலா என்று எப்படித் தெரியும்?

விரல் நுனி சிவந்து, வீங்கி, விண் விண்ணென்று தெறித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறைக்கும் மேல் அது நகச்சுற்றுதான். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகுவதிலிருந்து நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வரை எதில் குணமானாலும் கவலையில்லை. கைகால்களின் முனைகளுக்குப் பரவும் புற்றுநோய் எல்லா எலும்புப் பரவல்களிலும் ஏறத்தாழ 0.1 சதவீதம் மட்டுமே. ஆனால் நுரையீரல் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு, அல்லது நெடுநாள் புகைபிடித்து இப்போது எடை குறைந்துவரும் ஒருவருக்கு, நகச்சுற்று என்று நினைத்தது இரண்டு வாரமாகியும் வடியவில்லை, கீறிப் பார்த்தாலும் சீழ் வரவில்லை என்றால், அடுத்து ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

அந்த எக்ஸ்ரேயில் விரலின் கடைசி எலும்பு, கரையான் தின்ற மரம்போல அரிக்கப்பட்டிருக்கும். சில நேரங்களில் எலும்பின் நுனியே காணாமல் போயிருக்கும். அதையொட்டிய மூட்டின் இடைவெளி பெரும்பாலும் கெடாமல் இருக்கும். மூட்டில் சீழ் பிடித்திருந்தால் அந்த இடைவெளியும் அழிந்திருக்கும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய இது உதவுகிறது. மென்திசு எவ்வளவு தூரம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை எம்ஆர்ஐ காட்டும். நுரையீரலில் கட்டி இருப்பதே தெரியாத நிலையில், விரலில்தான் நோயின் முதல் அடையாளம் தென்பட்டது என்ற நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. செலவு மிகுந்த ஸ்கேன் தவறவிட்டதை மிக எளிய எக்ஸ்ரே பிடித்துவிடுவது இந்தத் துறையின் வேடிக்கைகளில் ஒன்று.

பெட்-சிடியில் உண்மையில் என்ன தெரிகிறது? அதற்கு முன் ஏன் பட்டினி?

புற்றுச் செல்களில் பெரும்பாலானவை சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சுகின்றன. எஃப்டிஜி என்பது கதிரியக்க ஃபுளோரின் இணைக்கப்பட்ட ஒருவகைக் குளுக்கோஸ். அதை ஊசியில் செலுத்தி, ஏறத்தாழ 60 நிமிடங்கள் அசையாமல் ஓய்வெடுக்கச் செய்து, எங்கே மிகுதியாகச் சேர்ந்திருக்கிறது என்று பெட் படமாக்குகிறது. அது சரியாக எந்த உறுப்பு என்பதைச் சிடி காட்டுகிறது. அந்த ஃபுளோரினின் கதிரியக்கம் 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். காலையில் வேறிடத்தில் தயாரான மருந்து வண்டியில் வந்துகொண்டிருக்கையில் நோயாளி தாமதமாக வந்தால், மருந்து அவருக்காகக் காத்திருக்காது. நேரத்தில் ஸ்கேன் மையத்தினர் காட்டும் கண்டிப்புக்குக் காரணம் இதுதான்.

சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின், சர்க்கரையைத் தசைகளுக்குள் தள்ளிவிடும். அப்போது தசைகளெல்லாம் ஒளிர்ந்து, தசையில் இருக்கும் சிறு பரவல் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். அதனால்தான் 4 முதல் 6 மணி நேரப் பட்டினி. வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிப்பது நல்லதும்கூட. முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி கூடாது. ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் பெரும்பாலான மையங்களில் வேறு நாளுக்கு மாற்றிவிடுவார்கள். மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த மாத்திரை குடல் முழுவதையும் ஒளிரவைக்கும் என்பதால், குடல் பரவலைத் தேடும்போது இரண்டு நாட்களுக்கு முன்பே அதை நிறுத்தலாமா என்று சர்க்கரை நோய் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

பெட் எடுத்த பிறகும் மூளைக்குத் தனியாக எம்ஆர்ஐ ஏன்?

மூளை இயல்பாகவே சர்க்கரையை வாங்கி எரிக்கும் உறுப்பு. பெட் படத்தில் அது முழுவதும் பளிச்சென்று தெரிவதால், அதற்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் புள்ளி தனித்துத் தெரியாது. கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து (திசுக்களைப் படத்தில் வேறுபடுத்திக் காட்டுவது) செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐதான் அங்கே நம்பகமானது. மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் நோய் படர்வது இன்னும் அரிது. கட்டியில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களிடம் இது ஒப்பளவில் கூடுதலாகக் காணப்படுகிறது. தலைவலி, இரட்டைப் பார்வை, முக மரப்பு, கால் தளர்ச்சி எனத் தொடர்பற்றவைபோலத் தோன்றும் தொல்லைகள் சேர்ந்து வந்தால், மூளையோடு முதுகுத்தண்டு முழுவதையும் கான்ட்ராஸ்டுடன் எம்ஆர்ஐ எடுப்பார்கள். தண்டுவட நீரை எடுத்து அதில் புற்றுச் செல்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள்.

மற்ற அரிதான இடங்களுக்கு எந்தப் பரிசோதனை பொருந்தும்?

எல்லாவற்றுக்கும் ஒரே கருவி கிடையாது. சிறுகுடல் பரவல் பெரும்பாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது: குடல் அடைப்பு, ரத்தக் கசிவு, அல்லது குடலில் துளை விழுந்து திடீரென வரும் கடும் வயிற்றுவலி. அப்போது கான்ட்ராஸ்ட் சிடிதான் உதவும். குடல் சுவரின் ஓரிடத்தில் தடிப்போ கட்டியோ தெரியும். சில நேரங்களில் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொண்டிருக்கும்.

தசைக்கு எம்ஆர்ஐ சிறந்தது. ஆனால் விளிம்பு மட்டும் வளையம்போல ஒளிரும் தசைக் கட்டி, சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம், பழைய ரத்தக்கட்டாகவும் இருக்கலாம். காய்ச்சல் இருந்ததா, அடிபட்டதா, அந்த இடத்தில் ஊசி போட்டார்களா என்ற தகவல்கள் இங்கே படத்துக்கு இணையான மதிப்புடையவை.

இதயத்தைச் சூழ்ந்த உறையில் நீர் சேர்ந்திருக்கிறதா என்பதை எக்கோ பரிசோதனையே காட்டிவிடும். இதயத் தசைக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்க இதய எம்ஆர்ஐ தேவை. இதயமும் இயல்பாகச் சர்க்கரையை உறிஞ்சும் என்பதால், அங்கே பெட் எடுக்க நேர்ந்தால் முந்தைய நாள் மாவுச்சத்து நீக்கிய கொழுப்பு உணவைத் தருவார்கள். சிறுநீரகம் எஃப்டிஜியைச் சிறுநீரில் வெளியேற்றும் உறுப்பு. எனவே அங்கும் பெட்டைவிடக் கான்ட்ராஸ்ட் சிடியே தெளிவு. கண்ணின் உட்படலப் பரவல் ஓரிரு மில்லிமீட்டர் தடிப்பாகவே இருக்கக்கூடும். பார்வை மங்கினாலோ வெளிச்சக் கீற்றுகள் தெரிந்தாலோ கண் மருத்துவர் விழித்திரையை நேரில் பார்ப்பதும், கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட் எடுப்பதும் பெட்-சிடியைவிடப் பயன்படும். தோலில் உள்ள முடிச்சுக்குக் கையால் தொட்டுப் பார்ப்பதே முதல் பரிசோதனை.

பெட்டில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோயா?

இல்லை. அழற்சி உள்ள இடங்களும் சர்க்கரையை உறிஞ்சும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டு இங்கே பெட் படத்தைப் படிக்க முடியாது. காசநோய் நிணநீர்க் கணுவில், முதுகெலும்பில், குடலில், தசையில் எங்கும் வரும். புற்றுநோய்க்கு இணையாக ஒளிரும். பூஞ்சைத் தொற்றும் சார்காய்டோசிஸ் என்ற நோயும் அப்படியே. ஊசி போட்ட கையில் மருந்து சற்றே கசிந்திருந்தால் அந்த இடமும் அந்தப் பக்க அக்குள் கணுவும் ஒளிரும். அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தாலும் அக்குள் கணுக்கள் ஒளிரும். தைராய்டில் ஒரு புள்ளி மட்டும் ஒளிர்ந்தால், அது நுரையீரலிலிருந்து பரவியது என்பதைவிடத் தைராய்டிலேயே தோன்றிய வேறொரு கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அறிக்கையில் எஸ்யுவி என்று ஓர் எண் இருக்கும். மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதன் அளவு அது. 2.5ஐத் தாண்டினால் புற்றுநோய் என்று ஒரு வாய்ப்பாடு குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் உலவுகிறது. அந்த எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஒளிராவிட்டால் நோய் இல்லை என்று நிம்மதியடையலாமா?

முழுவதுமாக அல்ல. 8 முதல் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் பெட்டில் தவறிவிடக்கூடும். அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோயில் மெதுவாக வளரும் சில வகைகளும் கார்சினாய்டு என்ற வகைக் கட்டிகளும் சர்க்கரையை அதிகம் வாங்குவதில்லை. முதன்மைக் கட்டியே மங்கலாகத் தெரிகிறது என்றால், அதன் பரவலும் மங்கலாகவே தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்த பிறகும் பயாப்சி (திசுப் பரிசோதனை) கட்டாயமா?

ஒரே ஓர் இடத்தில் மட்டும், அதுவும் அரிதான இடத்தில் தெரிந்தால், கட்டாயம் என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலான சிகிச்சை வழிகாட்டிகளும் தனித்த பரவலைத் திசுவால் உறுதிசெய்யச் சொல்கின்றன. காரணம், அந்த ஒரு புள்ளியைப் பொறுத்து நோயின் நிலையே மாறுகிறது. நிலை வகைப்பாட்டின் 8ஆம் பதிப்பிலிருந்து, நெஞ்சுக்கு வெளியே ஒரே ஒரு பரவல் இருந்தால் எம்1பி என்றும், பல இருந்தால் எம்1சி என்றும் பிரித்தார்கள். 9ஆம் பதிப்பு எம்1சியையும், ஒரே உறுப்பு மண்டலத்தில் பல, பல மண்டலங்களில் பல என்று இரண்டாக்கியிருக்கிறது. ஓரிரு பரவல்கள் மட்டும் உள்ளவர்களில் தகுந்தவர்களுக்கு, மருந்துடன் அந்த இடங்களையும் அறுவையாலோ குறிவைத்த கதிர்வீச்சாலோ அகற்றிப் பார்க்கும் வழி இன்று உண்டு. ஒருவேளை அது காசநோயாக இருந்தால், நெஞ்சிலுள்ள கட்டியைக் குணப்படுத்தும் நோக்கில் அறுவை செய்யும் வாய்ப்பே திறந்திருக்கலாம். ஒரு ஊசித் துளையில் கிடைக்கும் திசுவுக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

சிடியோ அல்ட்ராசவுண்டோ வழிகாட்ட ஊசியைச் செலுத்தித் திசுவை எடுப்பார்கள். டிடிஎஃப்-1, நாப்சின்-ஏ போன்ற புரதங்கள் அதில் இருந்தால், அது நுரையீரல் அடினோகார்சினோமா என்பதற்கு வலுவான சான்று. மரபணுச் சோதனைக்கும் அதே திசு பயன்படும்.

எலும்பு ஸ்கேன் இன்னும் தேவையா?

பெட்-சிடி எடுத்தவருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. பெட் வசதி இல்லாத இடங்களில் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேன் இன்றும் உதவுகிறது. தலை முதல் கால் வரை எடுப்பது அதன் ஒரு நன்மை.

சிகிச்சை நன்றாகப் பலிக்கிறது என்கிறார்கள். ஆனால் புதிய ஸ்கேனில் எலும்பில் புதுப் புள்ளிகள். எப்படி?

ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகள் போன்றவை நன்கு வேலை செய்யும்போது, முன்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் அரிக்கப்பட்டிருந்த எலும்பு ஆறத் தொடங்கும். ஆறும் எலும்பு கெட்டிப்பட்டுச் சிடியில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மூலக்கட்டி சுருங்கி, வலி குறைந்து, புள்ளிகள் மட்டும் புதிதாக இருந்தால், மருந்தை மாற்றுவதற்கு முன் சில வாரங்கள் பொறுத்து மறுபடி எடுத்துப் பார்ப்பதுண்டு. இதை அறியாமல் பலன் தரும் மாத்திரையைக் கைவிடுவது பெரிய இழப்பு.

இத்தனை ஸ்கேன்களின் கதிர்வீச்சு ஆபத்தில்லையா?

ஒரு பெட்-சிடியில் ஏறத்தாழ 10 முதல் 25 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. இயற்கையிலிருந்து உலக மனிதர் ஒருவர் சராசரியாகப் பெறுவது ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். எனவே பெட்-சிடியில் கிடைப்பது குறைவான அளவு அல்ல. ஆனால் பரவிய நோயின் நிலையை அறிய வேண்டியவருக்குப் பலனே மேலோங்கும். எம்ஆர்ஐயிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கதிர்வீச்சு இல்லை. பெட் முடிந்து வீடு திரும்பியவர் அன்று கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்காமல் சில மணி நேரம் விலகியிருந்தால் போதும்.

ஸ்கேனுக்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பழைய அறிக்கைகளை மட்டுமன்றிப் பழைய படங்களையும் குறுவட்டில் கொண்டுபோக வேண்டும். 2 ஆண்டுகளுக்கு முன் எடுத்த சிடியில் அதே அட்ரினல் கட்டி அதே அளவில் இருந்தால், பாதிக் கவலை அங்கேயே தீரும். காசநோய்க்கு மருந்து உட்கொண்டது, விழுந்து அடிபட்டது, அண்மையில் போட்ட ஊசிகள், செய்த அறுவைகள் ஆகியவற்றைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். வலிக்கும் இடத்தை 'கால் வலி' என்று பொதுவாகச் சொல்லாமல், 'வலது முழங்காலுக்கு நான்கு விரல் கீழே, உள்பக்கம், மூன்று வாரமாக' என்று எழுதி, படிவத்தை வாங்குபவரிடம் கொடுத்துவிடாமல் ஊசி போட வருபவரிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.